சட்டமன்றமும் ஊராட்சி மன்றமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மாநில சட்டமன்றம் என்றதும் நம் எண்ணத்தில் எழுவது அமைச்சரவை, எதிர்க்கட்சி, நிதிநிலை அறிக்கை, வெளிநடப்பு ஆகியவையே. ஊராட்சி மன்றம் என்றதும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நினைவுக்கு வருகின்றன. முன்னது அரசியல், பின்னது நிர்வாகம் என்று இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் வரலாற்றை ஊன்றி நோக்கினால், இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈன்றும் வளர்த்தும் ஒடுக்கியும் வந்துள்ளமை புலப்படும். தமிழகத்தில் தேர்தல் என்னும் முறை முதலில் வேர்பிடித்தது கோட்டையில் அன்று. நகராட்சிகளிலும் ஜில்லா போர்டுகளிலும்தான். பின்னர் கோட்டை வலுப்பெற்றது. வலுப்பெற்ற கோட்டை தன்னை வளர்த்த மன்றங்களை எவ்வாறு நடத்தியது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருள்.

ஊர் மன்றங்கள் அனுப்பிய பிரதிநிதிகள்

1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் சென்னை ஆளுநரின் நிர்வாக சபையோடு சட்டமியற்றும் பணிக்காகச் சில கூடுதல் உறுப்பினர்களைச் சேர்த்தது. அவர்கள் நால்வருக்குக் குறையாமலும் எண்மருக்கு மிகாமலும் இருந்தனர். அனைவரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களே. மக்களின் வாக்கு என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை.

இச்சபை இயற்றிய சட்டங்களுள் 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் நகர மேம்பாட்டுச் சட்டமும் நம் பொருளுக்கு முதன்மையானவை. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கான செலவை அந்தந்த வட்டாரத்திலேயே வரியாகத் திரட்டுவது அவற்றின் நோக்கம். அதாவது, அன்னிய அரசின் கருவூலச் சுமையைக் குறைப்பதற்காகவே உள்ளாட்சி இங்குக் கால்கொண்டது. உரிமையாக அது வரவில்லை, வரியாக வந்தது.

1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. உள்ளாட்சி என்பது சிக்கன நடவடிக்கை மட்டுமன்று, மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிக்கும் களமும் ஆகும் என்ற கருத்தை அது முன்வைத்தது. அதன் விளைவாக 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் வாரியச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்னும் மூன்றடுக்கு அமைப்பு அதன்வழி உருவாயிற்று. தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடமே இருந்தது. வாக்குரிமையோ வரி செலுத்தும் சிலருக்கே உரியதாயிருந்தது. எனினும் வாதிட்டு, வாக்கெடுத்து, முடிவெடுக்கும் பழக்கம் ஊர்களில் தொடங்கிவிட்டது.

1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் சென்னை சட்ட சபையின் உறுப்பினர் எண்ணிக்கையை உயர்த்தியபோது, சில இடங்களுக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் உரிமை மாநகராட்சி, நகராட்சிகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம், வணிகர் அமைப்பு ஆகியவற்றுக்குக் கிடைத்தது. தேர்தல் என்ற சொல்லைச் சட்டம் தவிர்த்தது. ஆயினும் நடந்தது தேர்தலே. சட்ட சபைக்குள் முதன்முதலில் நுழைந்த மக்கள் பிரதிநிதிகளுள் ஒரு பகுதியினரை ஊர் மன்றங்களே அனுப்பிவைத்தன. உள்ளாட்சியைச் சட்டமன்றத்தின் குழந்தை என்று மட்டும் கருதுவோர் இந்த உண்மையை மறந்துவிடுகின்றனர்.

இரட்டையாட்சிக் காலம்

1919ஆம் ஆண்டின் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைப் புகுத்தியது. காவல், நிதி போன்ற துறைகள் ஆளுநரின் பிடியில் நிற்க, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி முதலியன அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆக, இந்தியர் கைக்கு முதலில் வந்த அதிகாரங்களுள் உள்ளாட்சியும் ஒன்று. சென்னையில் 1920ஆம் ஆண்டின் இறுதியில் அமைந்த நீதிக்கட்சி அமைச்சரவையில் இத்துறையைப் பனகல் அரசர் ஏற்றார். 1921 முதல் 1926 வரை அவரே முதலமைச்சராகவும் விளங்கினார்.

புதிய சட்ட சபையில் ஆளுநரின் நிர்வாக சபையினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இந்த 98இல் 13 இடங்கள் முஸ்லிம் தனித்தொகுதிகளுக்கு உரியவை. 1920ஆம் ஆண்டிலேயே மாவட்ட நகராட்சிச் சட்டம், உள்ளூர் வாரியச் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் ஆகிய மூன்றும் இயற்றப்பட்டன. இவற்றுள் முதலாவது, பல திருத்தங்களுடன், நூறாண்டுக்கும் மேலாக நம் நகரங்களை ஆண்டுவந்தது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அது விடைபெற்றது. 1930ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் உள்ளூர் வாரியங்களில் நியமன முறையை ஒழித்து, முஸ்லிம்கள், ஒடுக்கப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோருக்கு இட ஒதுக்கீடு செய்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு இடமளிக்கும் சிந்தனை 1990களில் திடீரென்று முளைத்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

இம்மன்றங்கள் ஆளாக்கிய மனிதர்களின் பட்டியலும் கருதத்தக்கது. ராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவராயிருந்தவர்; பெரியார் ஈரோடு நகராட்சியின் தலைவராயிருந்தவர். காமராசர் 1941இல் சிறையிலிருந்தவாறே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை மாநகராட்சியின் தலைமைப் பொறுப்பை வகித்த முகம்மது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பதவியேற்று, அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியரானார். 1937இல் சென்னை மேயரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1946 முதல் 1955 வரை சட்டப்பேரவைத் தலைவராக வீற்றிருந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் மாநகராட்சி மன்றத்தை நடத்திப் பெற்ற அனுபவம், அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த காலத்தில் மாநில அவையை நடத்தத் துணைபுரிந்தது. ரிப்பன் பிரபு சொன்ன அரசியல் பயிற்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

ஈரவையும் ஓரவையும்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1937இல் சென்னைச் சட்டமன்றம் பேரவை, மேலவை என ஈரவைகளைக் கொண்டதாயிற்று. பேரவையின் 215 இடங்களுள் 28 முஸ்லிம் தொகுதிகளாகவும், ஓரிடம் முஸ்லிம் பெண்களுக்கானதாகவும் வகுக்கப்பட்டன. 1946இல் அமைந்த பேரவையில் எதிர்க்கட்சித் தலைவராகக் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் பணியாற்றினார். தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபையில் அவர் வாதாடியதும், அச்சபை அதனை ஏற்க மறுத்ததும் நாமறிந்த வரலாறு. 1952 முதல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் பொதுத்தொகுதிகளே நிலைபெற்றன. அன்றைய பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கை 375. ஆந்திரம் பிரிந்து, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, எல்லைகள் மாறிய பின், 1967இல் 234 என்ற எண்ணிக்கை நிலைபெற்றது. இவற்றோடு ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் முறையும் இருந்தது. அது 2020இல் முடிவுக்கு வந்தது.

இங்கே மேலவையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அரசியல் சாசனத்தின் 171ஆவது பிரிவு, மேலவை உறுப்பினர்களில் மூன்றிலொரு பகுதியினரை உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என வகுத்துள்ளது. தமிழக மேலவையின் 63 இடங்களில் 21 இவ்வாறு நிரப்பப்பட்டன. மற்றுமொரு 21 இடங்களைப் பேரவை உறுப்பினர்களும், பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தலா 6 இடங்களையும் நிரப்பினர். 9 பேர் நியமனம் பெற்றனர். அதாவது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் மாநில சட்டமன்றத்துக்குள்ளேயே ஒரு குரல் இருந்தது. 1986இல் பேரவை தீர்மானம் நிறைவேற்றியதைத் தொடர்ந்து, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளோடு மேலவை மறைந்தது. 2010இல் அதனை மீட்கப் பேரவை தீர்மானித்து, நாடாளுமன்றமும் சட்டமியற்றியது. ஆனால் 2011இல் அமைந்த புதிய பேரவை அம்முடிவைக் கைவிட்டது. மேலவை வேண்டுமா வேண்டாமா என்னும் விவாதம் பெரும்பாலும் கட்சிக் கணக்காகவே நடந்தேறியது. உள்ளாட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே 1892 முதல் நிலவிய உறவு அற்றுப்போனதைக் கவனித்தவர் சிலரே.

கொடுத்ததும் எடுத்ததும்

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் ஐந்தாவது இனம் உள்ளாட்சி. எனவே மன்றங்களைத் தோற்றுவித்தல், எல்லை வகுத்தல், அதிகாரம் வழங்குதல் ஆகிய அனைத்தும் சட்டமன்றத்தின் கையில் உள்ளன. கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற 40ஆவது பிரிவு ஒரு வழிகாட்டு நெறி மட்டுமே. அதை முன்னிறுத்தி நீதிமன்றத்தை நாட இயலாது.

இந்த அதிகாரத்தைத் தமிழகம் முதலில் ஆக்கத்துக்கே பயன்படுத்தியது. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தபின், 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. ஜில்லா போர்டுகள் நீங்கின. வளர்ச்சி வட்டாரங்களின் அளவில் பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. தொடக்கப் பள்ளிகள், ஊர்ச் சாலைகள் முதலியவற்றை அவை பேணின. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் வளர்ச்சி மன்றம் அமைந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் இடம்பெற்றனர். எனினும் அது ஆலோசனை கூறும் அமைப்பாகவே இருந்தது.

பின்னர்த் திசை மாறியது. 1970களில் குடிநீர் வாரியம், குடிசை மாற்று வாரியம் போன்றவற்றைச் சட்டமன்றமே தோற்றுவித்தது. அவை அரும்பணி ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் செய்யவேண்டிய வேலைகள் அதிகாரிகள் நடத்தும் வாரியங்களுக்குச் சென்றன. 1981இல் யூனியன் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். பணிப் பாதுகாப்பு என்ற வகையில் அது ஆசிரியர்களுக்கு நன்மையே. ஆனால் பள்ளிக்கும் ஊர் மன்றத்துக்குமான பிணைப்பு தளர்ந்தது.

அதனினும் கடுமையானது தேர்தலே நடவாமற்போனமை. 1970க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நிகழ்ந்தது. 1991இல் அவற்றின் காலம் முடிந்தபின் மீண்டும் இடைவெளி. சென்னை மாநகராட்சியோ 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றித் தனி அலுவலர்களின் ஆட்சியில் இருந்தது. இந்தியாவின் மிகப் பழமையான மாநகராட்சிக்கு நேர்ந்த நிலை இது. அந்த ஆண்டுகளில் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த ஒரு குழந்தை, மாநகராட்சித் தேர்தல் ஒன்றைக் காணாமலேயே வளர்ந்து பெற்றோராகிவிட்டது.

இக்காலப் பகுதியில்தான் தமிழகம் மாநில சுயாட்சிக்காக ஓங்கிக் குரல் கொடுத்தது. 1969இல் ராஜமன்னார் குழு அமைந்தது. 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் பேரவை தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1976இலும் 1980இலும் 1991இலும் மாநில அரசுகள் கலைக்கப்பட்டபோது தமிழகம் அதை அநீதியென்றது. அக்குரல் நியாயமானதே. ஆனால் 356ஆவது பிரிவு மாநிலத்துக்குச் செய்ததையே, தனி அலுவலர் முறை ஊர் மன்றங்களுக்குச் செய்தது. தில்லியிடம் நாம் கேட்ட நியாயத்தை ஊர்களுக்கு நாம் வழங்கினோமா என்ற வினா இன்றளவும் விடை காணாமல் நிற்கிறது. 2025இல் மாநில உரிமைகளை ஆராய நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும், அதே ஆண்டின் ஜனவரியில் 27 மாவட்டங்களின் ஊரக மன்றங்கள் காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் சென்றதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும்

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் சட்டமன்றத்தின் வரம்பற்ற விருப்பத்துக்கு முதன்முறையாக எல்லை வகுத்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம், நிதி ஆணையம் ஆகியவற்றை அமைக்க வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் கட்டாயம். ஆனால் அதிகாரம் வழங்குவது பற்றிய 243ஜி பிரிவு மட்டும் ‘வழங்கலாம்’ என்கிறது. பதினோராவது அட்டவணை 29 பொருள்களை அடுக்குகிறது. அவற்றுள் எதனை, எந்த அளவில், எப்போது ஒப்படைப்பது என்பது சட்டமன்றத்தின் விருப்பம். மன்றம் இருந்தே ஆகவேண்டும்; அதற்கு வேலை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு விகுதியில் அடங்கிய இவ்வேறுபாடே இன்றைய உள்ளாட்சியின் உயிர்ச்சிக்கல்.

தமிழக ஊராட்சிச் சட்டம் 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. இச்சட்டத்தின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. ஒடுக்கப்பட்டோரும் பெண்களும் தலைவர்களாயினர். 2016இல் பேரவை பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. 2025இல் மாற்றுத்திறனாளிகளுக்கு இம்மன்றங்களில் நியமன இடம் தரும் சட்ட முன்வடிவுகளும் நிறைவேறின. இவை சட்டமன்றம் விரும்பினால் எதைச் சாதிக்க இயலும் என்பதற்குச் சான்றுகள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்வான முருகேசனும் உடனிருந்தோரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தனித்தொகுதித் தலைவர்கள் பொறுப்பேற்க இயலாத நிலை பத்தாண்டுகள் நீடித்து, 2006இல்தான் முறையான தேர்தல் கைகூடியது. பேரவை எழுதிய ஒதுக்கீட்டை ஊரின் ஆதிக்கம் தடுத்தது. ஆகவே ஊர் எப்போதும் நல்லது, கோட்டை எப்போதும் தீயது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. எளியோரை ஊரின் வலியோரிடமிருந்து காக்கும் கடமை சட்டமன்றத்துக்கு என்றும் உண்டு. அக்கடமையைக் காரணங்காட்டி ஊரின் உரிமையையே பறிப்பதுதான் தவறு.

பறிப்பு எப்போதும் வெளிப்படையாக நடப்பதில்லை. ஊராட்சித் தலைவரை விசாரித்து நீக்கும் அதிகாரம் 205ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை நியமனம் பெற்ற அலுவலர் நீக்கலாம். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் ஆட்சிக்கேற்ப மாறிவந்துள்ளது. 1996இல் நேரடித் தேர்தல், 2006இல் மறைமுகம், 2011இல் மீண்டும் நேரடி, 2019இல் அவசரச் சட்டத்தின் வழியே மறுபடியும் மறைமுகம். ஆட்டத்தின் விதியை ஆடுவோரே அடிக்கடி மாற்றினால் ஆட்டத்தின் மீது யாருக்கும் நம்பிக்கை நிலைக்காது.

தேர்தல் காலமும் அவ்வாறே தவறியது. 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேர்தலை ஒதுக்கீட்டுக் குறைபாடுகளைச் சுட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் உள்ளிட்ட ஒன்பதில் 2021இலும், நகர்ப்புறத் தேர்தல் 2022இலும் நடந்தன. ‘வேண்டும்’ என்று சாசனம் எழுதியதும் நடைமுறையில் ‘லாம்’ ஆயிற்று.

நம் ஊர்களுக்கு இதில் என்ன?

ஊரின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பதில் நம் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புண்டு. தனி நகராட்சியாக விளங்கிய மேலப்பாளையம் 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அதிராம்பட்டினம் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. இத்தகைய மாற்றங்களால் வருவாய் பெருகலாம், வரியும் பெருகலாம். ஒரு சமுதாயம் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும் நிலை மாறி, பெருநகரின் சில வார்டுகளாகச் சுருங்கவும் கூடும். தனித்தொகுதி இல்லாத இன்றைய அமைப்பில் சிறுபான்மையினரின் குரல் எவ்வளவு கேட்கும் என்பதை வார்டு எல்லைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆனால் வார்டு மறுவரையறையின் வரைவு வெளியாகும்போது அதைப் படித்து, காலக்கெடுவுக்குள் கருத்துரை தருவோர் நம்மில் எத்தனை பேர்? சட்டமன்றத் தேர்தலில் நாம் காட்டும் ஆர்வத்தின் ஒரு பகுதியேனும் இதற்கு வாய்க்கவில்லை.

சட்டமன்றத்தின் உள்ளமைப்பை அறிவதும் இவ்வகையில் பயன்தரும். ஆளுநர் கூட்டும் அவை. பேரவைத் தலைவர், துணைத் தலைவர். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு முதலிய குழுக்கள். துறைவாரியான மானியக் கோரிக்கைகள் என அது இயங்குகிறது. ஊரக வளர்ச்சி, நகராட்சி நிர்வாகம் ஆகியவற்றின் மானியக் கோரிக்கை விவாதமே ஊராட்சிகளின் தலையெழுத்தை எழுதும் நாள். நிதி ஆணையத்தின் பரிந்துரை பேரவையில் வைக்கப்படும் நாளும் அத்தகையதே. அந்நாள்களில் நம் தொகுதி உறுப்பினர் என்ன பேசினார் என்று வினவும் வழக்கம் உருவாக வேண்டும்.

கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கு என்றிருந்தது 2022இல் ஆறாக உயர்த்தப்பட்டது. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்கள் சேர்ந்தன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கூட்டங்கள் பெருகினால் மட்டும் போதாது. அங்கு எடுக்கும் தீர்மானத்துக்குக் கட்டுப்படும் துறைகளும், அதைச் செயற்படுத்தும் நிதியும் வேண்டும். அவ்விரண்டையும் தரும் அதிகாரம் பேரவையிடமே உள்ளது.

1892இல் ஊர் மன்றங்கள் பரிந்துரைத்த மனிதர்கள் கோட்டையில் அமர்ந்தனர். இன்று கோட்டை இசைந்தாலன்றி ஊர் மன்றத்தில் ஒருவர் அமரவியலாது. இடைப்பட்ட காலத்தில் நாம் பெற்ற வாக்குரிமை விரிந்தது. அவ்வாக்கு ஆளும் பரப்போ ஊரளவில் சுருங்கியது. ‘வழங்கலாம்’ என்ற சொல்லை ‘வழங்க வேண்டும்’ எனத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. ஆனால் அத்திருத்தத்துக்குக் காத்திராமலே அதனை வழங்கிவிடும் அதிகாரம் நம் சட்டமன்றத்துக்கு இன்றே உண்டு. வழங்குமாறு கேட்பது வாக்காளராகிய நம் பொறுப்பு.